டைவ் வாட்சின் ரப்பர் ஸ்ட்ராப்: கெடும் விதம் அறிந்து வாங்குதல்

கடலில் முக்குளிப்பவர்களுக்கான டைவ் வாட்ச் வாங்க நினைப்பவர்கள் அது தாங்கும் ஆழம், கண்ணாடியைச் சுற்றியுள்ள பெசல் வளையம் திரும்பும் துல்லியம், இருளில் முட்கள் ஒளிரும் நேரம் ஆகியவற்றைப் பற்றி மாதக்கணக்கில் படிக்கிறார்கள். ஸ்ட்ராப்பை மட்டும் நிறம் பார்த்து, விலை பார்த்து, ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடுகிறார்கள். 200 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்கும் எஃகுக் கூட்டை மணிக்கட்டில் பிடித்து வைத்திருப்பவை பட்டையைக் கூட்டோடு இணைக்கும் ஸ்பிரிங் பார்கள் என்ற மெல்லிய இரண்டு கம்பிகளும், அவற்றைச் சுற்றியிருக்கும் சில மில்லிமீட்டர் ரப்பரும்தான். டைவ் வாட்ச்களுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரநிலை இந்த இணைப்பைத் தனியாகவே சோதிக்கச் சொல்கிறது. ஸ்ட்ராப் இணையும் இடங்களில் எதிரெதிர்த் திசையில் 200 நியூட்டன் விசை, அதாவது ஏறக்குறைய 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் இழுவை, செலுத்தப்படும்போது எதுவும் விட்டுப்போகக் கூடாது. லிட்டருக்கு 30 கிராம் உப்பு கரைந்த நீரில் 24 மணி நேரம் கிடந்த பிறகும் கூட்டிலும் துணைப் பாகங்களிலும் குறை தென்படக் கூடாது. ஆனால் இவையெல்லாம் புதிய கடிகாரத்துக்கான சோதனைகள். ஐந்து ஆண்டு வெயிலும் வியர்வையும் உப்பும் பட்ட ரப்பர் எந்த நிலையில் இருக்கும் என்பதற்குத் தரநிலை பொறுப்பேற்பதில்லை. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ட்ராப்பைத் தேர்ந்தெடுப்பதில் நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்றுதான். அது புதிதாக இருக்கும்போது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்ப்பதைவிட, அது எப்படிக் கெடும் என்று முதலில் கேட்டுக்கொள்வேன். கடையில் ‘ரப்பர்’ என்று ஒரே சொல்லால் குறிப்பிடப்படும் பட்டைகள் வேதியியல்படி நான்கைந்து வெவ்வேறு பொருள்கள். ஒன்று ஓசோனால் வெடிக்கும். இன்னொன்று ஈரக்காற்றால் நொறுங்கும். மற்றொன்று சிறு கீறல் விழுந்த இடத்திலிருந்து கிழிந்துகொண்டே போகும். எதனால் கெடும் என்பது தெரிந்துவிட்டால் எதை வாங்குவது, எப்படிக் கழுவுவது, எங்கே வைப்பது, எப்போது தூக்கி எறிவது ஆகிய எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே விடை கிடைத்துவிடும்.

இயற்கை ரப்பரிலிருந்து தொடங்குகிறேன். மரத்துப் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பர் வெயிலில் பிசுபிசுப்பதையும் குளிரில் விறைப்பதையும் கந்தகத்துடன் சூடாக்குவதன் மூலம் தடுக்கலாம் என்று சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். வல்கனைசேஷன் எனப்படும் அந்த முறையில் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் கந்தகப் பாலங்களால் ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. அதனால்தான் நல்ல இயற்கை ரப்பர் பட்டையை இழுத்து விட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்புகிறது. கையில் படும்போது அது தரும் மென்மையும் உயிர்ப்பும் வேறு எந்தப் பொருளிலும் எனக்குக் கிடைத்ததில்லை. 1960களில் பல சுவிஸ் டைவ் வாட்ச்களோடு வந்த டிராபிக் பட்டைகளும், 1970இல் வந்த ஒமேகா ப்ளோப்ரோஃப் கடிகாரத்தோடு பெயர் பெற்ற ஐசோஃப்ரேன் பட்டைகளும் ரப்பருக்கு ஒரு தோற்றத்தையே உருவாக்கித் தந்தன. முன்னதன் கூடை முடைந்தது போன்ற வரிகளையும், பின்னதன் ஏணிப்படி போன்ற நீள்துளைகளையும் இன்றுவரை எல்லோரும் நகலெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 1980இல் ஹூப்லோ நிறுவனம் தங்கக் கடிகாரத்துக்கு இயற்கை ரப்பர் பட்டையைப் பூட்டியபோது, ரப்பர் என்றால் மலிவு என்ற எண்ணமும் தளர்ந்தது.

இயற்கை ரப்பரின் பலவீனமும் அதன் மூலக்கூறிலேயே இருக்கிறது. சங்கிலி நெடுகிலும் கார்பன் இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. காற்றிலுள்ள மிகச் சிறிய அளவு ஓசோன்கூட அந்தப் பிணைப்புகளைத் தாக்கி வெட்டிவிடும். இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: ஓசோன் வெடிப்பு இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரில்தான் உண்டாகும். பழைய ரப்பர் பட்டை ஒன்றை எடுத்து, லக் (கூட்டில் பட்டையைப் பூட்டும் கொம்பு) அருகே அது வளையும் இடத்தை வெளிப்புறமாக மெல்ல மடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். நேராக இருந்தபோது வழுவழுப்பாகத் தெரிந்த பரப்பில், இழுவையின் திசைக்குக் குறுக்காக, மயிரிழை போன்ற கோடுகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் திறந்துகொள்ளும். பக்கிள் ஊசி வழக்கமாக நுழையும் துளையின் இரு ஓரங்களிலும் அதே கோடுகள் இருக்கும். பட்டையின் மற்ற பகுதிகள் புதிது போலவே இருந்தாலும், இழுவை தங்கும் இந்த இரண்டு இடங்களில் அதன் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மணிக்கட்டில் இறுக்கிக் கட்டாமல் சற்றே தளர்வாகக் கட்டுவதும், கழற்றி வைக்கும்போது இழுபடாமல் வைப்பதும் இந்த ரப்பருக்கு ஏன் உண்மையான பராமரிப்பு ஆகின்றன என்பது இதிலிருந்து விளங்கும்.

தயாரிப்பாளர்கள் இதற்கு எதிராக இரண்டு ஏற்பாடுகளைச் செய்கிறார்கள். ஒன்று, கார்பன் கரி. அது ரப்பருக்கு வலுவூட்டுவதோடு புற ஊதாக் கதிரையும் விழுங்கிவிடுகிறது; இயற்கை ரப்பரில் கறுப்புப் பட்டையே நீடிக்கும் என்பதற்கு அதுதான் காரணம். அழகிய ஆரஞ்சு நிறத்திலோ வெள்ளையிலோ இயற்கை ரப்பர் வேண்டும் என்பவர்கள் அதன் ஆயுள் குறைவு என்பதையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். மற்றொன்று, ரப்பருக்குள் கலக்கப்படும் மெழுகு. அது மெல்ல மெல்ல வெளியே கசிந்து மேற்பரப்பில் ஒரு காப்புப் படலமாகப் படியும். சில மாதங்கள் பெட்டியில் இருந்த புதிய பட்டையில் வெண்மையான தூள் போல ஒன்று படிந்திருப்பதைப் பார்த்து, பூஞ்சை என்று அஞ்சிச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் தன்னைக் காத்துக்கொள்ளப் போர்த்திய போர்வை அது. கண்ணுக்கு உறுத்தினால் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும்.

அடுத்தது பாலியூரித்தேன். ஜப்பானிய டைவ் வாட்ச்களைப் பற்றிப் பேசும்போது இதைத் தவிர்க்க முடியாது. 1968இல் ஆழ்கடலில் பணிபுரிந்த ஒருவர் தம் தொழிலுக்கு அன்றைய டைவ் வாட்ச்கள் ஈடுகொடுக்கவில்லை என்று செய்கோ நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். அதைத் தொடர்ந்த நெடிய உழைப்பின் பயனாக 1975இல் 600 மீட்டர் டைவ் வாட்ச் ஒன்று வெளிவந்தது. டைட்டானியக் கூட்டுக்காக அதைப் போற்றுகிறவர்கள் பலர். எனக்கு அதன் ஸ்ட்ராப்பே பெரிய சாதனையாகத் தோன்றுகிறது; கூட்டை ஒட்டிய பகுதியில் துருத்தி போல் மடிப்பு மடிப்பாக அமைந்த பாலியூரித்தேன் பட்டை அது.

அந்த மடிப்புகள் அலங்காரத்துக்காக வந்தவை அல்ல. முக்குளிப்பவர்கள் அணியும் நியோப்ரீன் ரப்பர் உடையான வெட்சூட்டுக்குள் எண்ணற்ற வாயுக் குமிழ்கள் அடைபட்டிருக்கின்றன. நீர்ப்பரப்பில் 1 வளிமண்டலமாக இருக்கும் அழுத்தம் 10 மீட்டரில் 2 ஆகவும், 30 மீட்டரில் 4 ஆகவும் உயர்கிறது. பாயில் விதிப்படி குமிழ்களின் பருமன் முதலில் பாதியாகவும் பிறகு கால்வாசியாகவும் சுருங்கும். வெட்சூட் மெலிந்துபோவதால், மேலே இறுக்கமாகக் கட்டிய கடிகாரம் கீழே போனதும் முன்கையில் வழுக்கத் தொடங்கும். துருத்தி மடிப்புள்ள பட்டையை மேலேயே சற்று விரிந்த நிலையில் கட்டிக்கொண்டால், கை மெலிய மெலிய மடிப்புகள் சுருங்கி இறுக்கத்தைத் தக்கவைக்கும். மேலே வரும்போது மீண்டும் விரிந்துகொடுக்கும். வெட்சூட்டின் மேல் கட்டுகிறவர்கள் இந்த அமைப்பையோ, நன்றாக இழுபடக்கூடிய ரப்பரையோ தேடி வாங்குவது நல்லது. வெறும் கையில் கட்டுகிறவர்களுக்கு மடிப்பு கட்டாயமில்லை.

பாலியூரித்தேன் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும்; பாறையில் உரசினாலும் எளிதில் கிழியாது. ஆனால் அதன் ஒரு வகையை நீரே மெல்லச் சிதைத்துவிடும். ஈரப்பதம் மூலக்கூறுச் சங்கிலியை ஆங்காங்கே அறுத்துக்கொண்டு வரும். நீராற்பகுப்பு என்று வேதியியலில் படித்தது இதைத்தான். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது விரைவுபடும். அதனால்தான் ஒருநாளும் அணியாமல் இழுப்பறையில் கிடந்த பழைய பட்டைகூட, எடுத்து வளைக்கும்போது சட்டென்று ஒடிந்துவிடுகிறது, அல்லது பரப்பு முழுவதும் பிசுபிசுத்துப்போகிறது. பயன்படுத்தாமல் வைத்தால் நெடுங்காலம் இருக்கும் என்ற கணக்கு பாலியூரித்தேனிடம் செல்லாது. பழைய கடிகாரத்தோடு அதன் அசல் பட்டையையும் சேர்த்து வாங்குகிறவர்கள், அதைக் காட்சிப் பொருளாக வைத்துக்கொண்டு, நீருக்குள் செல்லப் புதியதொன்றைப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பேன். மிக மலிவான பட்டைகளில் பி.வி.சி.யும் உண்டு. அதை மென்மையாக்கச் சேர்க்கப்படும் எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் வெளியேறிவிட, பட்டை தகடு போல விறைத்துவிடும். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சிலிக்கோனை நான் பலரைப் போலத் தாழ்வாகப் பார்ப்பதில்லை. அதன் முதுகெலும்பு கார்பனால் ஆனதன்று. சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி அமைந்தது. ஓசோனோ வெயிலோ அதை எளிதில் தொடுவதில்லை. தோலுக்கும் பெரும்பாலும் இணக்கமானது. அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. சிலிக்கோனின் கிழிபடும் வலிமை குறைவு. ஸ்பிரிங் பாரின் முனையோ பக்கிளின் கூர்மையான ஓரமோ சிறு வெட்டு ஒன்றை ஏற்படுத்திவிட்டால், அந்த வெட்டு ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, ஒருநாள் எந்த அறிவிப்பும் இல்லாமல் முழுவதுமாக விட்டுவிடும். இயற்கை ரப்பராவது வெடிப்புகளைக் காட்டி எச்சரிக்கும். சட்டைப்பையின் பஞ்சும் தூசியும் சிலிக்கோனில் ஒட்டிக்கொள்வதும் உண்மைதான். ஆனால் அது கழுவினால் போய்விடும் தொல்லை. ஆகவே தினசரி அணிவதற்கும், நீச்சல் குளத்துக்கும், உடற்பயிற்சிக்கும் தடிமனான நல்ல சிலிக்கோன் பட்டை போதுமானது. படகின் ஏணியிலும் சிலிண்டர் வார்களிலும் மாட்டிக்கொள்ள வாய்ப்புள்ள கடல் முக்குளிப்புக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

இன்று பேசப்படும் பொருள் எஃப்.கே.எம். எனப்படும் ஃபுளோரோ ரப்பர். 1950களின் பிற்பகுதியில் வைட்டான் என்ற பெயரில் வணிகத்துக்கு வந்தது. விமான எஞ்சின்களிலும் எரிபொருள் குழாய்களிலும் சீல்களுக்காக உருவானது. கார்பன் சங்கிலியைச் சுற்றி ஃபுளோரின் அணுக்கள் அடர்ந்திருப்பதால் ஓசோன், வெயில், எண்ணெய், வியர்வை ஆகிய எதுவும் அதன் சங்கிலியை எளிதில் அணுக முடிவதில்லை. தூசி ஒட்டுவதும் குறைவு. கையில் எடுத்தவுடன் அதன் கனம் தெரியும்: ஒரு கன சென்டிமீட்டர் எஃப்.கே.எம். ஏறத்தாழ 1.8 கிராம் எடையுள்ளது. அதே அளவு சிலிக்கோன் 1.2 கிராமுக்கு அருகில் இருக்கும். நெடுங்காலம் ஒரே பட்டையை அணிய விரும்புகிறவர்களுக்கு, வெயிலிலும் கடலிலும் மாறி மாறிப் புழங்குகிறவர்களுக்கு, இதுவே முதல் தேர்வு. இதன் எதிரி அசிட்டோன். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தில் இருக்கும் அதே அசிட்டோன் எஃப்.கே.எம்.மை ஊதிப் பருக்கச் செய்து கெடுத்துவிடும். எதற்கும் அசையாத ரப்பர் என்ற விளம்பரத்தை நம்பி, கறை நீக்க அதை எடுத்துவிடாதீர்கள்.

இந்த ரப்பரைப் பற்றிய ஓர் ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நோட்டர்டேம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 கைக்கடிகாரப் பட்டைகளைச் சோதித்து, ஃபுளோரோ ரப்பரால் ஆன பலவற்றின் மேற்பரப்பில் பெர்ஃபுளோரோஹெக்சனாயிக் அமிலம் எளிதில் பிரிந்து வரும் நிலையில் கணிசமாக இருப்பதை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். இது சுற்றுச்சூழலில் எளிதில் சிதையாத பிஃபாஸ் வேதிப்பொருள்களில் ஒன்று. பட்டையில் இருப்பது வேறு, தோல் வழியே உடலுக்குள் செல்லும் அளவு வேறு என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த முடிவைப் படிக்க வேண்டும். இருந்தாலும் இரவும் பகலும் கழற்றாமல் அணிகிறவர்களும், குழந்தைகளுக்கு வாங்குகிறவர்களும் சிலிக்கோனைத் தேர்ந்தெடுப்பது எளிய வழி என்றே நினைக்கிறேன். எச்.என்.பி.ஆர். என்ற ஹைட்ரஜன் ஏற்றிய நைட்ரைல் ரப்பரும் நல்ல பட்டைகளில் வருகிறது. இரட்டைப் பிணைப்புகளைப் பெருமளவு நீக்கிவிட்ட ரப்பர் அது. எனவே ஓசோனை நன்றாகவே தாங்கும், ஃபுளோரினும் இல்லை. கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

விற்பனைப் பக்கத்தில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். ‘ஃபுளோரோ’ என்று எழுதி, எடை குறைந்த, நகத்தால் தேய்த்தால் பஞ்சைப் பற்றிக்கொள்ளும் பட்டையை அனுப்புவார்கள். அது பெரும்பாலும் சிலிக்கோனாகவே இருக்கும். வனிலா மணத்தை வைத்து இயற்கை ரப்பர் என்று முடிவுகட்டுவதும் தவறு, ஏனெனில் மணம் சேர்க்கப்படுவது. வந்தவுடன் கடுமையான வேதி நெடி அடித்து, சில நாள் காற்றோட்டத்தில் வைத்தும் அது குறையவில்லை என்றால், அந்தப் பட்டையைத் தோலின் மேல் கட்டிக்கொள்ள எனக்கு மனம் வராது.

பொருளைத் தீர்மானித்த பிறகு அளவு. லக்குகளுக்கு இடைப்பட்ட அகலம் பெரும்பாலும் 20 அல்லது 22 மில்லிமீட்டர். 19, 21 போன்ற ஒற்றைப்படை அளவுகளும் உண்டு. தோல் பட்டையை ஒரு மில்லிமீட்டர் அமுக்கித் திணிக்கலாம்; அடர்த்தியான ரப்பரை அப்படிச் செய்தால் ஓரங்கள் சுருண்டு, ஸ்பிரிங் பாரின் முனை துளையில் முழுமையாக இறங்காமல் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டியது போலவே தெரியும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. குறுகலான பட்டையோ பாரின் மேல் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து தன்னையே அறுத்துக்கொள்ளும். ஆகவே அளவுகோலை நம்பாமல் காலிப்பரால் அளந்து வாங்குங்கள்.

ஸ்பிரிங் பாரின் தடிமனைப் பலர் கவனிப்பதில்லை. செய்கோவின் எஸ்.கே.எக்ஸ். 007 போன்ற டைவ் வாட்ச்களில் 2.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள பார்கள் உள்ளன. பொதுவாகக் கிடைக்கும் பார்கள் 1.5 முதல் 1.8 மில்லிமீட்டர் வரைதான். மெல்லிய பாருக்காக வார்த்த பட்டைக்குள் தடித்த பாரைத் தள்ளினால் ரப்பர் உள்ளேயிருந்தே பிளக்கத் தொடங்கும். அதற்குப் பயந்து மெல்லிய பாரைப் பூட்டினால், பெரிய துளைக்குள் அதன் சிறிய முனை ஆடிக்கொண்டே இருக்கும். எனவே பட்டை வாங்கும்போதே, உள்ளே எந்தத் தடிமன் பார் நுழையும் என்று கேட்டுவிட வேண்டும். விரலால் நெம்பிக் கழற்றும் குயிக் ரிலீஸ் பார்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அடிக்கடி பட்டை மாற்றுகிறவர்களுக்கும், கழற்றிக் கழுவுகிறவர்களுக்கும் அது பெரிய வசதி. ஆனால் நெம்புகோல் அமர்வதற்காக, மிகுந்த இழுவை விழும் இடத்திலேயே ரப்பரில் ஒரு பள்ளம் வெட்டப்படுகிறது. நீருக்குள் செல்லும் கடிகாரத்துக்குப் பள்ளம் இல்லாத முழுப் பட்டையும் தடித்த பாரும் இருப்பதையே நான் விரும்புவேன். இரண்டு பார்களுக்கும் கீழாக ஒரே துண்டாக ஓடும் ரப்பர் பட்டையும் கிடைக்கிறது. ஒரு பார் விட்டாலும் மற்றொன்றில் கடிகாரம் தொங்கிக்கொண்டிருக்கும்.

நீளம் பெரும்பாலும் 120க்கு 75 மில்லிமீட்டர் என்ற கணக்கில் வரும்: துளைகள் உள்ள பாதி 120, பக்கிள் உள்ள பாதி 75. மணிக்கட்டு மெல்லியதானால் பக்கிள் பாதி குறுகியதாக இருப்பது முக்கியம், இல்லையேல் பக்கிள் கையின் அடியில் நடுவே அமராமல் ஒரு பக்கம் ஏறி, கடிகாரத்தின் தலையை எதிர்ப்பக்கம் சாய்த்துவிடும். வெட்சூட்டின் மேல் கட்ட வேண்டுமானால் நீண்ட பட்டை தேவை. ஒரே பட்டை இரண்டுக்கும் பொருந்துவது அரிது. கூட்டின் வளைவோடு ஒட்டி நிற்கும் வளைந்த முனைப் பட்டைகள் பார்வைக்கு மிக நேர்த்தியாக இருக்கும். ஆனால் அவை அந்த ஒரு மாடலுக்கே பொருந்தும்; சில சமயம் கூட்டில் உரசிக்கொண்டு கீழே வளைய மறுத்து, சிறிய கையில் பாலம் போல நிற்கும். ரப்பருக்குள் உலோகம் வைத்த பட்டைகளும் உண்டு. 2015இல் ரோலெக்ஸ் அறிமுகப்படுத்திய ஆய்ஸ்டர்ஃப்ளெக்ஸ் பட்டையில் டைட்டானிய-நிக்கல் கலவைத் தகட்டின் மேல் ரப்பர் போன்ற கறுப்பு எலாஸ்டோமர் வார்க்கப்பட்டிருக்கிறது. இழுவையை உலோகம் ஏற்றுக்கொள்கிறது.

கட்டியபின் தோல் சிவந்தால் உடனே ‘ரப்பர் ஒவ்வாமை’ என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலான நேரங்களில் காரணம், பட்டைக்குக் கீழே மணிக்கணக்கில் அடைபட்டிருந்த வியர்வையும், சரியாக அலசப்படாத சோப்பும்தான். உட்புறத்தில் வரிப்பள்ளங்களோ துளைகளோ உள்ள பட்டைகள் இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கின்றன. பக்கிள் படும் இடத்தில் மட்டும் அரித்தால் நிக்கலைச் சந்தேகிக்கலாம். லேட்டக்ஸ் கையுறையால் தடிப்பு வரும் என்று தெரிந்தவர்கள் இயற்கை ரப்பரைத் தவிர்த்துவிட வேண்டும், மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

இனிக் கழுவுதல். கடலிலிருந்து வந்ததும் கடிகாரத்தை வெதுவெதுப்பில்லாத நல்ல நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் மூழ்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் முதன்மையானது. நேரத்தைத் திருத்தும் கிரவுன் குமிழ் முழுமையாகத் திருகப்பட்டிருக்கிறதா என்று அதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயடியில் காட்டி எடுப்பது போதாது. ஸ்பிரிங் பாரைச் சுற்றிய குழலுக்குள்ளும், பக்கிளின் கீலிலும் நுழைந்த உப்பு கரைந்து வெளிவர நேரம் வேண்டும். உப்பு அங்கேயே காய்ந்தால் துருப்பிடிக்காத எஃகுகூட இடுக்குகளில் அரிபடும். நீச்சல் குளத்துக் குளோரின் நீருக்கும் இதே நடைமுறைதான். கடலுக்கே போகாதவர்களும் வாரம் ஒருமுறை மிதமான சோப்பு நீரில் மென்மையான பல்துலக்கியால் தேய்த்துக் கழுவலாம். அப்போது நுனியைச் செருகும் வளையங்களை நகர்த்திவிட்டு அவற்றுக்குக் கீழே பாருங்கள். தோல் செதிலும் வியர்வையும் தூசியும் குழைந்து, சாம்பல் நிறப் பசையாக ஓரங்களில் அப்பியிருக்கும். துர்நாற்றம் பிறப்பது அங்கிருந்துதான், ஸ்ட்ராப்பின் பரப்பிலிருந்து அல்ல. துளைகளின் உட்சுவரையும் அவ்வாறே தேய்க்க வேண்டும். பிறகு துணியால் ஒற்றி, நிழலில் காற்றாட வைத்துவிடலாம். முடி உலர்த்தியும் வேண்டாம், வெயிலும் வேண்டாம்.

சன்ஸ்கிரீனையும் கொசு விரட்டியையும் பூசிய கையோடு கடிகாரம் கட்டுவது நீரால் வரும் கெடுதியைவிடப் பெரிய கெடுதி. டீட் என்ற கொசு விரட்டி பல பிளாஸ்டிக்குகளைக் கரைக்கக்கூடியது. கடிகாரத்தின் பிளாஸ்டிக் கண்ணாடியைக்கூட மங்கவைத்துவிடும். பூசி, உலர்ந்து, கையைத் துடைத்த பிறகு கட்டுங்கள். இயற்கை ரப்பருக்கு எந்த எண்ணெயும் ஆகாது. பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் முதல் நாள் பளபளப்பாகத்தான் இருக்கும். உள்ளே ஊறிய எண்ணெய் ரப்பரைப் பருக்கவைத்துத் தளர்த்திவிடும். மினுமினுப்பு ஊட்டும் தெளிப்பான்கள் எந்த வகைப் பட்டைக்கும் தேவையில்லை.

விறைப்பான புதிய பட்டையைச் சுருட்டி ஒரு குவளைக்குள் வைத்து, கொதிநீர் ஊற்றி, பிறகு குளிர்நீரில் அமிழ்த்தி வளைவைப் பதியவைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. வெப்பத்தால் இளகும் பாலியூரித்தேன் பட்டைகளுக்கு அது பலன் தரும். பட்டையைக் கடிகாரத்திலிருந்து முழுவதுமாகக் கழற்றிய பிறகே செய்ய வேண்டும். வல்கனைஸ் செய்த ரப்பருக்கும், சிலிக்கோனுக்கும், எஃப்.கே.எம்.முக்கும் இதனால் பயனில்லை. அவற்றின் மூலக்கூறுகள் நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டவை. கொதிநீர் அந்தப் பிணைப்பை அவிழ்த்து வேறு வடிவில் மறுபடி கட்டிவிடாது. சில நாள் அணிந்தாலே அவை கைக்கு இணங்கிவிடும்.

மாற்றுப் பட்டைகளை வைக்கும்போது, பக்கிளைப் பூட்டி வளைத்து வைக்காமல், தட்டையாக, தனித்தனிக் காகிதத்தில் சுற்றி, இருளும் உலர்வுமான இடத்தில் வையுங்கள். பி.வி.சி. பட்டையிலிருந்து வெளியேறும் எண்ணெய் அருகிலுள்ள பட்டைக்கும் பரவும் என்பதால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். ஓடும்போது பொறி விடும் மின்மோட்டார்கள் ஓசோனை உண்டாக்குகின்றன. அவற்றின் அருகிலும் இயற்கை ரப்பர் கூடாது. வெளிர்நிறப் பட்டை என்றால் புதிய ஜீன்ஸின் நீலச் சாயத்தையும் கவனிக்க வேண்டும். அன்றைக்கே கழுவினால் போய்விடும் சாயம், ஊறிய பிறகு போவதில்லை.

பட்டையை எப்போது மாற்றுவது என்பதற்கு ஆண்டுக் கணக்குச் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. அணியும் விதத்துக்கு ஏற்ப அது மாறும். அதற்குப் பதிலாக மூன்று இடங்களைத் தவறாமல் பாருங்கள்: லக் அருகே வளையும் பகுதி, பழகிய துளை, ஸ்பிரிங் பார் நுழையும் குழலின் வாய். இவற்றில் எங்கேனும் வெடிப்போ, துளை நீள்வட்டமாக இழுபட்டதோ, குழலின் சுவர் மெலிந்து பாரின் உருவம் வெளியே தெரிவதோ கண்ணில் பட்டால், அந்தப் பட்டையோடு இனி நீருக்குள் இறங்கக் கூடாது. பசை வைத்து ஒட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. பட்டையை மாற்றும்போது ஸ்பிரிங் பார்களையும் சேர்த்தே மாற்றுங்கள். வெளியே பளபளக்கும் பாரின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் உப்பால் அரிபட்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது. பழைய பாரை விரலால் அமுக்கி விட்டுப் பாருங்கள். முனை துள்ளி எழாமல் தயங்கி எழுந்தால் உள்ளே அரிப்பு தொடங்கிவிட்டது. புதியதைப் பூட்டியபின், கருவியின் நுனியால் பாரை இருபுறமும் தள்ளி, முனைகள் துளைகளில் முழுமையாக இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு மெத்தையின் மேல் கைகளை வைத்துக்கொண்டு, பட்டையின் ஒவ்வொரு பாதியையும் நேராகவும் சாய்வாகவும் வலுவாக இழுத்துப் பார்த்துவிட்டு அணியுங்கள். பார் விடுவதாயிருந்தால் அது அங்கேயே விடட்டும்.